ஊத்தங்கரை வெயிலில் அரிசோனா மஞ்சள் பூ வளருமா?

கேள்வி இதுதான்: ஊத்தங்கரைப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட் வறண்ட நிலம். போர் இருக்கிறது, ஆனால் கோடையில் அரை மணி நேரம் ஓடினாலே பெரிது. மகள் அரிசோனாவில், பீனிக்ஸ் பக்கம் குடியிருக்கிறார். அங்கே சாலையோரச் சரளையில், ஒருவரும் தண்ணீர் விடாமலே பூத்துக்கிடக்கும் மஞ்சள் பூவைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். அந்தச் செடி நம் ஊரில் வருமா, அடுத்த முறை வரும்போது விதையைக் கொண்டுவரச் சொல்லலாமா, கட்டாந்தரையில் இறைத்துவிட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

செடி வரும். இறைத்துவிட்டால் வராது. விதையைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவரவும் கூடாது. உங்கள் வீட்டில் ஆடு இருந்தால் யோசிக்க வேண்டிய விஷயம் இன்னொன்றும் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் செடி எது என்று பார்ப்போம். நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது பெய்லியா மல்டிரேடியேட்டா. அமெரிக்காவில் டெசர்ட் மேரிகோல்டு என்கிறார்கள். நம் செண்டுமல்லிக்குத் தூரத்துச் சொந்தம், ஒரே குடும்பம், அவ்வளவுதான். இலைகள் தரையோடு ஒட்டிக் கொத்தாக இருக்கும், வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல ரோமம் மூடி, சாம்பல் நிறமாகத் தெரியும். அதிலிருந்து இலையே இல்லாத காம்புகள் ஒரு சாணிலிருந்து ஒரு முழம் வரை நீண்டு, காம்புக்கு ஒரு பூ வீதம் நிற்கும். பூ இரண்டு விரல் அகலம். அழுத்தமான மஞ்சளில் இதழ்கள் அடுக்கடுக்காக இருக்கும், ஒவ்வொரு இதழின் நுனியிலும் மூன்று பல் வெட்டு. வாடும்போது இதழ் உதிராது, வெளுத்துக் காகிதம் மாதிரி காய்ந்து செடியிலேயே தங்கும். படத்தைப் பெரிதாக்கி இவற்றைச் சரிபாருங்கள். அரிசோனா, நியூ மெக்சிகோ, கலிபோர்னியா, நெவாடா, டெக்சாஸ், வட மெக்சிகோ என்று அந்தப் பாலைநிலம் முழுக்க இது காட்டுச் செடி. ஆயுள் குறைவு. ஓராண்டு இருக்கும், நல்ல இடம் கிடைத்தால் இரண்டு மூன்று ஆண்டு தாங்கும். உதிர்ந்த விதை மறுபடி முளைப்பதால் ஒரே செடி வருஷக்கணக்கில் நிற்பதுபோல நமக்குத் தோன்றும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வறட்சி தாங்கும் செடி என்றதும், நம் மாவட்டமும் வறட்சி மாவட்டம்தானே, பொருந்திவிடும் என்று எண்ணத் தோன்றும். வெயில் விஷயத்தில் பொருந்தும். பீனிக்ஸில் கோடையில் 43, 44 டிகிரி சாதாரணம், நம் 39, 40 அதற்கு ஒரு பொருட்டே இல்லை. சிக்கல் மழையில்தான் இருக்கிறது. பீனிக்ஸில் ஆண்டு முழுக்கப் பெய்வது சுமார் 200 மில்லிமீட்டர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சராசரியே 800க்கு மேல். தென்மேற்குப் பருவமழையும் கொஞ்சம் தரும், வடகிழக்கும் தரும், சித்திரை வைகாசியில் கோடை மழை வேறு. ஆவணி கடைசியில் பிடித்தால் ஐப்பசி முடிய மண் சரியாகக் காய்வதே இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் உங்கள் ஊத்தங்கரையிலேயே ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் கொட்டியதும், நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துப்போனதும் நினைவிருக்கும். அது பீனிக்ஸின் இரண்டரை வருஷத்து மழை.

நமக்குத் தண்ணீர்ப் பஞ்சம் என்பது உண்மை. ஆனால் அது வருஷத்தில் ஏழெட்டு மாதத்துப் பஞ்சம். மீதி நாட்களில் மண் ஈரமாகவும் காற்று ஈரமாகவும் இருக்கிறது. இந்தச் செடியின் வேரும் கழுத்தும் அந்த ஈரத்தில்தான் அழுகும். எனவே இங்கே நீங்கள் செய்ய வேண்டிய வேலை எல்லாம் தண்ணீரை எப்படிக் கொடுப்பது என்பதைப் பற்றியது இல்லை, எப்படி வெளியேற்றுவது என்பதைப் பற்றியது.

அதற்கு ஏற்ற பருவம் நம்மிடமே இருக்கிறது. கார்த்திகைக் கடைசியில் மழை ஓய்ந்த பிறகு, மார்கழி தொடங்கிப் பங்குனி வரை வானம் தெளிவு, ராத்திரி குளிர், பகலில் நல்ல வெயில், காற்றில் ஈரம் குறைவு. பாலைவனத்தில் குளிர்கால மழைக்கு முளைத்து வசந்தத்தில் பூக்கும் செடிக்கு இதைவிட நெருக்கமான காலம் தமிழ்நாட்டில் கிடைப்பது அரிது. சென்னை, கடலூர்ப் பக்கம் கேட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். ஓசூர், தேன்கனிக்கோட்டைக்கும் கொஞ்சம் தயக்கத்தோடுதான் சொல்வேன். அங்கே 900 மீட்டர் உயரம், காலையில் பனியும் மூட்டமும் நீண்ட நேரம் நிற்கும், ரோஜாவுக்கு நல்லது, இதற்கு இல்லை. ஊத்தங்கரை, பர்கூர், அரூர், பென்னாகரம் மாதிரியான சூடான தரைப்பகுதிதான் சரி. ஆகவே பல்லாண்டுச் செடி என்று எண்ணாமல் பனிக்காலப் பூ என்று வைத்துக்கொள்ளுங்கள். புரட்டாசி, ஐப்பசியைத் தாண்டி ஒரு சில செடி பிழைத்தால் அது லாபம்.

இடம் தேர்வு. காலை முதல் மாலை வரை வெயில் விழ வேண்டும், குறைந்தது ஏழு மணி நேரமாவது. வேப்ப மரத்தடி, மாமரத்தடி உதவாது. கூரைத் தண்ணீர் சொட்டும் ஓரமும் உதவாது. நிலத்தில் மேடான பக்கம், கல்வரப்பின் மேற்புறம், இல்லாவிட்டால் காம்பவுண்டு சுவரை ஒட்டிய சரிவு நல்லது. இடத்தைத் தீர்மானிக்கும் முன் ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலத்தில் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி நேரத்தைப் பாருங்கள். ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்குள் வற்றினால் கவலையில்லை. சாயங்காலம் வரை நின்றால் அந்த இடத்தில் தரையில் விதைக்காதீர்கள்.

நம் செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டு நிலம் இதற்கு இயல்பாகவே பிடிக்கும். சுக்கான் நிலம் என்று நாம் ஒதுக்கும் சுண்ணாம்பு மண்ணும் சரிதான், அதன் சொந்த ஊர் மண்ணே பெரும்பாலும் அப்படித்தான். களிப்பான நிலமாக இருந்தால் முக்கால் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட வேண்டும். மேல்மண் ஒரு பங்கு, கரடுமுரடான மணல் ஒரு பங்கு, கால் இன்ச் ஜல்லிச் சில்லு ஒரு பங்கு என்று கலந்தால் போதும். கிருஷ்ணகிரியில் ஜல்லிக்கா பஞ்சம்? எந்த கிரஷரிலும் கிடைக்கும். ஆனால் மலிவாக இருக்கிறதே என்று கிரஷர் பவுடரை வாங்கிக் கொட்டாதீர்கள். அந்த மாவு நனைந்து காய்ந்தால் சிமென்ட் தரை மாதிரி இறுகிவிடும், வடிகாலுக்காகப் போட்டதே வடிகாலை அடைத்துவிடும்.

எரு வேண்டாம். ஏரி வண்டல் வேண்டாம், மண்புழு உரம் வேண்டாம், ஆட்டுப் புழுக்கையும் வேண்டாம். இதைச் சொன்னால் நம் ஆட்களுக்கு மனசு ஒப்புவதில்லை, ஒரு கைப்பிடியாவது போடுவோமே என்பார்கள். அந்தக் கைப்பிடி எருவில் இலை பருத்துக் காம்பு சோம்பிச் சாயும், பூ குறையும், ஈரமும் கூடுதலாக நிற்கும். ஏழை மண்தான் இதற்குப் பணக்கார மண்.

விதைப்பு. திருக்கார்த்திகை முடிந்து, வங்கக்கடலில் புதிதாக எதுவும் உருவாகவில்லை என்று தெரிந்த பிறகு, மார்கழி முதல் பாதியில் விதையுங்கள். பாத்தியை முதல் நாளே நனைத்துவிட்டு, பொடி விதையை உலர்ந்த மணலோடு கலந்து தூவி, கையால் லேசாகத் தடவி விடுங்கள். ஆழமாக மூடக் கூடாது. விதை தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற அளவு மண் போதும். பிறகு எறும்பைக் கவனியுங்கள், நம் செம்மண்ணில் தூவிய விதையைப் பாதி அவைதான் அறுவடை செய்யும். பாத்தியைச் சுற்றி அடுப்புச் சாம்பல் ஒரு கோடு போட்டால் நாலைந்து நாள் தாங்கும். சிட்டுக்குருவி, புறா தொல்லை இருந்தால் மேலே பழைய கொசுவலைத் துண்டை விரித்துவிடலாம்.

முளைத்து நாலு இலை விடும் வரை மேல்மண் காயக் கூடாது. பூவாளியால் காலையில் லேசாகத் தெளித்தால் போதும். வறட்சிச் செடிதானே என்று இந்த இரண்டு மூன்று வாரத்தில் விட்டுவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. வறட்சியைத் தாங்குவது வேர் இறங்கிய செடி, முளை இல்லை. ட்ரேயில் நாற்று விட்டு நடலாமா என்றால், நடலாம், ஆனால் சின்னதிலேயே, வேர்க்கட்டு உடையாமல் எடுத்து வைக்க வேண்டும். மழை பற்றிப் பயம் இருந்தால் பத்துப் பதினைந்து நாற்றை மட்டும் கூரையடியில் ஜாமீனாக வைத்துக்கொண்டு, மீதியை நேரடியாக விதைப்பது நல்ல ஏற்பாடு. செடிக்குச் செடி ஒரு அடி இருக்கும்படி கலைத்துவிடுங்கள். நெருக்கமாக விட்டால் காற்றோட்டம் போய்விடும்.

களை எடுக்க ஆள் விட்டால் அவர்களிடம் கன்றைக் காட்டிவிட்டுப் போங்கள். நம் காட்டில் முளைக்கும் சிறுபூளையும் சாம்பல் பூத்த செடிதான். பூளை என்று நினைத்துச் சுத்தமாகப் பிடுங்கி வைத்துவிடுவார்கள், அவர்கள் மேல் குற்றமும் சொல்ல முடியாது.

செடி கையகலம் ஆன பிறகு வாரம் ஒரு தண்ணீர். மொட்டு வைக்கும் மாசி வாக்கில் பத்து நாளைக்கு ஒரு முறை, பங்குனி சித்திரை வெயிலில் பூ தொடர வேண்டுமானால் அதே கணக்கு. தரை நன்றாகக் காய்ந்த பின்தான் அடுத்த தண்ணீர், கொடுக்கும்போது நன்றாக இறங்கும்படி கொடுங்கள், தினம் ஒரு சொம்பு என்ற பழக்கம் இதற்கு ஆகாது. மத்தியானம் இலை துவண்டிருப்பதைப் பார்த்து ஓடிப்போய் ஊற்ற வேண்டாம். மறுநாள் காலையிலும் துவண்டிருந்தால் அப்போது ஊற்றுங்கள். ரோஜாவுக்கும் மல்லிக்கும் போட்டிருக்கும் சொட்டுநீர்க் குழாயோடு இதை இணைக்காதீர்கள். அவற்றுக்குப் போதுமானது இதற்குச் சாவு. ஸ்பிரிங்க்ளரும் வேண்டாம், ரோமம் அடர்ந்த இலை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பூசணம் அங்கேதான் பிடிக்கும். செடியின் கழுத்தைச் சுற்றி வைக்கோல், தென்னை நார் போட்டு மூடாக்கு செய்வதைவிடச் சின்னச் சின்னக் கூழாங்கல் பரப்புங்கள், கழுத்து உலர்ந்தே இருக்கும்.

போர்த் தண்ணீர் உப்பாக இருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். குடிக்க முடியாத, தொட்டியில் வெள்ளை படியும் கடினத் தண்ணீரை இது ஓரளவு பொறுத்துக்கொள்ளும். நம் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஒகேனக்கல் தண்ணீரைக் குடிக்க வைத்துக்கொள்ளுங்கள், பூச்செடிக்குப் போரே போதும்.

பூச்சி அதிகம் வராது. மாவுப்பூச்சி மட்டும் கவனிக்க வேண்டும், வெள்ளை ரோமத்துக்குள் வெள்ளைப் பூச்சி உட்கார்ந்தால் எறும்பு ஏறுவதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். வேப்பெண்ணெய்க் கரைசலைச் சாயங்காலத்தில், பூச்சி இருக்கும் இடத்தில் மட்டும் தடவுங்கள்.

இனி ஆடு. இந்தச் செடி செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் விஷம். அமெரிக்கத் தென்மேற்கில் மேய்ச்சல் நிலங்களில் இதைத் தின்று ஆடுகள் செத்தது பதிவாகியிருக்கிறது. நல்ல மேய்ச்சல் இருக்கும்போது பெரும்பாலும் தொடாது, மற்றது எல்லாம் காய்ந்து இது மட்டும் பச்சையாக நிற்கும் சமயத்தில்தான் வாய் வைக்கும். நம் ஊரில் அந்தச் சமயம் எது? பங்குனி, சித்திரை. அது பூத்து நிற்கும் அதே மாதங்கள். எனவே வேலி இல்லாத இடத்தில், ஆடு வந்துபோகும் ஓரத்தில், மேய்ச்சல் புறம்போக்கை ஒட்டிய வரப்பில் வைக்கவே கூடாது. வெட்டிய காம்பையும் பிடுங்கிய செடியையும் தூக்கி வெளியே எறியாதீர்கள், குழியில் போட்டு மூடிவிடுங்கள். உங்கள் ஆட்டைக் கட்டி வைத்திருக்கலாம், பக்கத்து வீட்டு ஆட்டுக்கு அது தெரியாது. காம்பவுண்டுக்குள் கேட் போட்ட இடம் இருந்தால் மட்டும் இறங்குங்கள் என்பது என் கருத்து.

விதை விஷயம். வெளிநாட்டிலிருந்து விதை கொண்டுவருவதற்கு 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை என்று ஒரு மத்திய அரசு ஆணை இருக்கிறது. இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். தபாலில் வரும் சின்னப் பாக்கெட்டும், பயணப் பெட்டியில் சேலைக்கு நடுவே வரும் பாக்கெட்டும் அதற்குள்தான் அடங்கும். இது வெறும் காகிதச் சடங்கு என்று நினைக்காதீர்கள். 1950களில் புனே பக்கம் கண்ணில் பட்ட பார்த்தீனியம் இன்று நம் ஏரிக்கரை வரை வந்து நிற்கிறது, அதுவும் இதே குடும்பத்துச் செடி, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. நம் காட்டை மூடியிருக்கும் உண்ணிச்செடி அழகுக்காகத் தோட்டத்தில் வைக்கக் கொண்டுவந்ததுதான். பெய்லியாவின் விதைக்குப் பறக்கும் பஞ்சு கிடையாது, நம் மழையும் அதைக் கட்டுப்படுத்தும். அதனால் பார்த்தீனியம் மாதிரி ஓடும் என்று நான் சொல்லவில்லை. இருந்தாலும் உரிய அனுமதியோடு இறக்குமதி செய்து இங்கே விற்கும் விதைக்காரரிடம் கிடைத்தால் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் மகளைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

நர்சரியில் பாலைவனப் பூ என்று கேட்டால் அடினியத்தை எடுத்துக் காட்டுவார்கள். அது ஆப்பிரிக்கா, அரேபியாப் பக்கத்துத் தடித்த தண்டுச் செடி, தொட்டியில் அழகுதான், நீங்கள் கேட்பது அது இல்லை. மகள் அனுப்பிய படத்தின் அந்த மஞ்சள் பரப்புதான் உங்களுக்கு வேண்டும் என்றால், முதல் வருஷம் கெய்லார்டியா போட்டுப் பாருங்கள். அதுவும் அமெரிக்க, மெக்சிகோ வறண்ட நிலத்துக் காட்டுப்பூ, அதே குடும்பம், மணல் மண்ணும் வெயிலும் அதற்கும் பிடிக்கும், ஆனால் நம் மழையை இதைவிட நன்றாகப் பொறுக்கும். விதை நம் ஊர் விதைக்கடைகளிலேயே கிடைக்கிறது. மகாராஷ்டிரத்தில் மாலைக்காகவே ஏக்கர் கணக்கில் பயிரிடுகிறார்கள். தனி மஞ்சளிலும், சிவப்பும் மஞ்சளும் கலந்தும் வரும். மேலே சொன்ன அதே பாத்தி, அதே மண் கலவை, அதே தண்ணீர்க் கணக்கு. அது சரியாக வந்தால் பெய்லியாவையும் முயன்று பார்க்கலாம்.

காம்பவுண்டுக்கு வெளியே, ஆடு போகும் பக்கம், தண்ணீரே காட்ட முடியாத இடம் இருக்கிறது அல்லவா, அங்கே ஆவாரை வையுங்கள். நம் சரளை மேட்டுக்கு அதைவிடப் பொருத்தமான மஞ்சள் பூ கிடையாது. ஆடு பெரும்பாலும் சீண்டாது, இரண்டு பருவமழையையும் தாங்கும், போகிக்குக் காப்புக் கட்ட வேப்பிலை, பூளையோடு சேர்க்கத் தெருவே உங்கள் வீட்டுக்கு வரும். தெலங்கானாவில் அதை மாநில மலராகவே வைத்திருக்கிறார்கள், நாம்தான் புதர் என்று வெட்டித் தள்ளுகிறோம். விதைத்தோல் கெட்டி. கொதித்து இறக்கிய நீரில் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டு, ஆடி, ஆவணி மழையில் குழிக்கு மூன்று விதை வீதம் ஊன்றுங்கள். முதல் கோடைக்கு மட்டும் மாதம் இரண்டு குடம் தண்ணீர் காட்டினால் போதும், பூவுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் பொறுக்க வேண்டும்.

கடைசியாக, விதை சேர்ப்பது. பெய்லியா ஆனாலும் கெய்லார்டியா ஆனாலும், வைகாசி வாக்கில் பூத்தலை முழுக்கப் பழுப்பாகிக் கையில் நொறுங்கும் பதத்தில் கிள்ளுங்கள். நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தி, உதிர்த்து, துணிப்பையிலோ காகித உறையிலோ போட்டு, அதை மூடி உள்ள டப்பாவில் வைத்து, மழைக்காலம் முடிய உலர்ந்த அலமாரியில் வையுங்கள். பாலிதீன் கவரில் நேரடியாகப் போட்டால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். பெய்லியா டப்பாவின் மேல் மாதத்தோடு, ஆட்டுக்கு ஆகாது என்றும் எழுதி ஒட்டுங்கள்.